இடம் மாறிய துண்டுகள்

நவம்பர் 12, வியாழன். சிதம்பரம்.

ஜெயந்தியின் கரு மூன்றாம் முறையும் கலைந்த பிறகு, கணவன் மனைவி இருவரின் குரோமோசோம்களையும் சோதிக்கச் சொல்லியிருந்தார் மருத்துவர். இன்று முடிவு வந்தது. மருமகளிடம் ஒன்றுமில்லை, என் மகன் குமரனிடம் இருக்கிறது. அவனுடைய இரண்டு குரோமோசோம்கள் தங்கள் நுனித் துண்டுகளை ஒன்றுக்கொன்று மாற்றிக்கொண்டிருக்கின்றன. மரபணு எதுவும் தொலையாததால் அவன் நன்றாகவே இருக்கிறான். மாறிய இரண்டில் ஒன்று மட்டும் கருவுக்குப் போனால், சில மரபணுக்கள் கூடியும் சில குறைந்தும் கரு நிற்பதில்லை. விலங்கியல் படித்த எனக்குப் புரிந்தது இது. குமரனுக்குப் புரிந்தது வேறு.

"அம்மா, கடலூர் அத்தைக்கு மட்டும் தெரிய வேணாம்" என்றான்.

ஜெயந்தி நிமிரவில்லை. அவள் வயிற்றைக் குறை சொல்லி உறவு முழுக்கப் பேசிவருபவள் என் நாத்தனாரான அந்தக் கடலூர்க்காரிதான். நானே போன் செய்து சொன்னேன்.

"அப்ப இது எங்க அண்ணன்கிட்டேருந்து வந்துதா அண்ணி, உங்ககிட்டேருந்தா?" என்றாள்.

என் கணவர் இறந்துவிட்டார், நான் சோதித்துக்கொள்ளவில்லை. குமரனிடமே புதிதாகத் தோன்றியும் இருக்கலாம். அதை விளக்கப்போனால், அவள் மறுபடி ஜெயந்தியிடமே வந்து நிற்பாள்.

"என்கிட்டேருந்துதான். எல்லார்கிட்டயும் சொல்லு."

"உங்களுக்கு எதுக்கு அத்தை இந்தப் பேரு?" என்றாள் ஜெயந்தி.

"என்னை இனிமே யாரு பொண்ணு கேட்டு வரப்போறாங்க?"

சிரித்தாள். குமரன் எழுந்து உள்ளே போய்விட்டான்.

ஆதாரமில்லாமல் ஒன்றைச் சொன்னது படித்த படிப்புக்கு அழகில்லை. இருக்கட்டும். நாளையாவது அவன் அவளிடம் ஒரு வார்த்தை பேசுகிறானா, பார்க்க வேண்டும்.