பக்கத்து இருக்கையில் இருந்தவள்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

நலம், நலமறிய ஆவல் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், முதல் சொல்லிலேயே கை நின்றுவிட்டது. நலம் என்று எழுதினால் பொய், நலமில்லை என்று எழுதினால் நீ அங்கே பட்டினி கிடப்பாய். அதனால் உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, முழங்கால் வலி அது பாட்டுக்கு இருக்கிறது. தையல் மிஷினை மறுபடி ஓட்ட ஆரம்பித்துவிட்டேன், யாரோ ஒரு புண்ணியவதி வீடு கட்டிச் சுவரை விட ஜன்னலை அதிகமாக வைத்திருக்கிறாள், அத்தனைக்கும் திரைச்சீலை என் தலையில்தான். தம்பி வேலைக்குப் போய் வருகிறான். உன் அப்பாவின் செருப்பை வாசலிலிருந்து இன்னும் எடுக்கவில்லை, எடுக்கச் சொல்லி அவனும் கேட்கவில்லை, இருவரும் அதைப் பார்த்தும் பாராதது போலத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறோம்.

போன வாரம் போனில் நீ கேட்டாய், அப்பா எப்படிம்மா போனார், ரொம்பக் கஷ்டப்பட்டாரா என்று. அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லி மழுப்பினேன். நீயும் பயந்துபோய்ப் பேச்சை மாற்றி, உன் ஆய்வுக்கூடத்துக்குப் புதிதாக வந்திருக்கிற பையனைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாய். அவன் கைவேகத்தைப் பார்த்தால் உன் இடம் போய்விடும் போல இருக்கிறது, ரத்தச் சோதனை முடிவுகளைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தும் அனுப்பும் முன் மேஜைக்கு அடியில் கையை உதறிக்கொள்கிறாய், உனக்கு வந்த சந்தேகம் அவன் கண்ணில் பட்டுவிடுமோ என்று திரையைத் திருப்பி வைத்துக்கொள்கிறாய் என்றாய். நான் ஒன்றே ஒன்று கேட்டேன், அப்பா போனது அங்கே யாருக்காவது தெரியுமா என்று. போன் கட்டாகிவிட்டது என்று நினைத்து ஹலோ ஹலோ என்றேன், ஒருவரிடமும் நீ சொல்லவில்லை என்று பிறகுதான் புரிந்தது. செய்தி வந்த மறுநாள் காலையில் குளித்து, தலை சீவி, எதுவும் நடக்காதது போல வேலைக்குப் போயிருக்கிறாய். போனை வைத்தபின் நான் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். நீ வரவில்லையே என்று வருத்தம் இல்லை என்று சும்மா எழுத மாட்டேன், இருக்கிறது. ஆனால் அதைவிடப் பெரிய வருத்தம் ஒன்று அன்றைக்கு வந்து சேர்ந்தது. அப்பா செத்துப்போனார் என்று ஒருவரிடம்கூடச் சொல்ல முடியாத இடத்தில் என் பெண் உட்கார்ந்திருக்கிறாளே என்பது அது. நீ கேட்டதற்கு இப்போது பதில் எழுதுகிறேன், அதை எழுத உன் தம்பி கதையிலிருந்து தொடங்க வேண்டும், பொறுமையாகப் படி.

அவன் ஆம்புலன்ஸ் அழைப்பு அறையில் வேலைக்குச் சேர்ந்தது உனக்குத் தெரியும், உள்ளே அவன் பட்ட பாடு தெரியாது, உன்னிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தான். அந்த அறையில் எல்லோரும் வரிசையாக ஹெட்செட் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், எதிர்ச் சுவரில் ஒரு பலகை, யார் எவ்வளவு சீக்கிரம் அழைப்பை முடிக்கிறார் என்று முதலிலிருந்து கடைசி வரை வரிசைப்படுத்திக் காட்டும். கடைசியில் இருப்பவருக்கு எந்த மாதம் வேண்டுமானாலும் சீட்டுக் கிழியும். அதனால் பக்கத்தில் இருப்பவர் தடுமாறினால் திரும்பிப் பார்க்க மாட்டார்களாம், அவர் ஒரு படி இறங்கினால் தான் ஒரு படி ஏறலாம் அல்லவா. இவன் பக்கத்து இருக்கையில் ஒரு பெண், எப்போதும் பலகையில் முதலிடம், இவன் அவளுக்கு மின்னல் என்று பெயர் வைத்திருந்தான். அவ கொட்டாவி விடறதுக்குக்கூட நேரம் எடுத்துக்க மாட்டாம்மா என்பான். சிரிப்பு உதட்டில்தான் இருக்கும், வயிறு எரிவது முகத்தில் தெரியும்.

ஒரு நாள் இவன் பழைய பள்ளித் தெரு என்பதைப் பள்ளித் தெரு என்று எடுத்துக்கொண்டுவிட்டான். மயங்கி விழுந்த ஒரு பெரியவருக்காகக் கிளம்பிய வண்டி வேறு தெருவுக்குப் போய்ச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறது. அந்தப் பெரியவர் பிழைத்துக்கொண்டார், உன் தம்பிதான் பிழைக்கவில்லை. அதன்பிறகு எதைக் கேட்டாலும் திரும்பக் கேட்பான், முகவரியைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்வான், பலகையில் சரசரவென்று கீழே போனான். கீழே போகப் போகப் பயம், பயத்தில் இன்னும் தாமதம். காலையில் குளியலறைக் குழாயைத் திறந்து விட்டுவிட்டு உள்ளே வாந்தி எடுப்பான், தண்ணீர்ச் சத்தத்தில் எங்களுக்குக் கேட்காது என்று நினைப்பு. நான் அதுக்கு லாயக்கில்லப்பா, லெட்டர் குடுத்துட்டு வந்துடறேன் என்று ஒரு நாள் உன் அப்பாவிடம் சொன்னான். அப்பாவுக்கு உபதேசம் செய்யத் தெரியாது என்று உனக்கே தெரியும். லிப்ட் பழுது பார்த்த காலத்திலிருந்து அவருக்குத் தெரிந்தது ஒரே ஜோக்கு, என் தொழிலில் ஏற்றமும் இறக்கமும் ஒண்ணுதான்டா என்று, அதையே அன்றைக்கும் சொன்னார். இவன் சிரிக்கவில்லை. மறுநாளிலிருந்து அவர் செருப்பை மாட்டிக்கொண்டு பேருந்து நிறுத்தம் வரை இவனோடு நடந்து போய்விட்டு வருவார், திரும்பி வந்து ஏறிட்டான் என்று மட்டும் சொல்வார்.

அப்படி இருக்கையில் ஒரு மத்தியானம் மின்னலுக்கு ஓர் அழைப்பு வந்திருக்கிறது. ஒரு ஆள், வழியில் வண்டி கவிழ்ந்து மனைவிக்கு அடி, எங்கே இருக்கிறோம் என்று அவருக்கே தெரியவில்லை, குழந்தை வேறு வீறிட்டு அழுகிறது. இவன் ஓரக்கண்ணால் பார்த்தானாம், மின்னல் திரையில் வரைபடத்தை இங்கும் அங்கும் இழுத்துக்கொண்டே இருந்தாள். சட்டென்று அவள் உதிரியாகக் கிடந்த ஹெட்செட்டைத் தன் போன் பெட்டியில் செருகி இவன் பக்கம் தள்ளிவிட்டு, நீயும் கேளேன், எனக்கு ஒண்ணும் புரியல என்றிருக்கிறாள். கேட்டால் இவன் இருக்கை சும்மா கிடக்கும், பலகையில் இன்னும் இறங்குவான். ஆனாலும் மாட்டிக்கொண்டான். அவள் அந்த மனிதர் பேச்சைக் கேட்டாள், இவன் பேச்சுக்குப் பின்னால் இருந்த சத்தத்தைக் கேட்டான், ஓயாமல் ஓர் இரைச்சல், அது ஊரில் இருக்கிற ஒரே ஐஸ் ஆலை என்று இவனுக்குப் பொறி தட்டியது. வண்டி நேரே அங்கே போனது.

முடிந்ததும் இருவரும் கை கழுவும் இடத்தில் நின்றிருந்தார்களாம். அவள்தான் பேச்செடுத்தாள். நான் கெட்டிக்காரி, அதனாலதான் சீக்கிரம் முடிக்கிறேன்னு நினைச்சியா, பயந்து முடிக்கிறேன், இன்னும் கொஞ்சம் பேசினா நான் ஒண்ணும் தெரியாதவள்னு கண்டுபிடிச்சுடுவாங்கன்னு, தினமும் வீட்டுக்குப் போனப்புறம் யாரை எங்க விட்டேனோன்னு நினைச்சு நினைச்சுப் பார்ப்பேன் என்றாளாம். இவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவனைத் தாமதப்படுத்திய அதே பயம்தான் அவளை விரட்டியிருக்கிறது. ஒரே பயத்தை இரண்டு பேரும் தனித்தனியாகச் சுமந்துகொண்டு, ஒருவரைப் பார்த்து ஒருவர் பயந்துகொண்டு இருந்திருக்கிறார்கள். அன்று முதல் கஷ்டமான அழைப்பு யாருக்கு வந்தாலும் மற்றவர் காதும் அதில் இருக்கும், ஒருவர் பேசுவார், இன்னொருவர் வரைபடம் பார்ப்பார். பலகையில் இருவரும் விழுந்தார்கள். மேற்பார்வையாளர் கூப்பிட்டுக் கத்தினார். பிறகு எதிர் வரிசையில் ஒரு ஜோடி, அதற்குப் பின்னால் ஒரு ஜோடி என்று தொற்றிக்கொண்டது. எல்லாருமே கடைசின்னா யாரைம்மா தூக்குவாங்க என்று வீட்டில் வந்து சிரித்தான். பலகை போய்விடவில்லை, இன்னும் தொங்குகிறது, அந்த மேற்பார்வையாளரும் மாறிவிடவில்லை, தெருக்கள் தவறவில்லை என்பதால் பார்க்காதது போல இருக்கிறார், அவ்வளவுதான். ஆனால் குளியலறைக் குழாய்ச் சத்தம் நின்றது. மின்னல் ஒரு நாள் வீட்டுக்குச் சாப்பிட வந்தாள், ஒல்லியாக, கண் மட்டும் பெரிதாக. உன் அப்பா அவளிடமும் அந்த லிப்ட் ஜோக்கைச் சொன்னார். அவள் மரியாதைக்குச் சிரித்தாளா நிஜமாகவே சிரித்தாளா தெரியவில்லை, அப்பாவுக்கு அன்று முழுக்க வாயெல்லாம் பல்.

இனிமேல் எழுத வேண்டியதுதான் நீ கேட்டது. அன்று காலை அப்பா டீ குடித்துவிட்டு என் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்து நூல்கண்டுகளை நிறம் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தார். தோள்பட்டை என்னமோ இழுக்குது என்றார். தைலம் எடுக்க எழுந்தேன், திரும்புவதற்குள் நாற்காலியோடு சரிந்துவிட்டார். கூப்பிட்டால் பதில் இல்லை, மூச்சும் இல்லை. போனை எடுத்து ஆம்புலன்ஸ் எண்ணை அழுத்தினேன். ஒரு பெண் குரல், சொல்லுங்கம்மா என்றது. எனக்கு எங்கள் அடுக்குமாடி வீட்டு எண் மறந்துவிட்டது, நம்புவாயா, கல்யாணமாகி வந்ததிலிருந்து இருக்கிற வீடு. என் வீட்டுக்காரர் விழுந்துட்டார், லிப்ட் மெக்கானிக்குங்க, எல்லாருக்கும் தெரியும் என்று பைத்தியம் போலச் சொல்லிக்கொண்டிருந்தேன். அது மின்னல் என்று எனக்கு அப்போது தெரியாது. பக்கத்தில் உன் தம்பி இருந்ததும் தெரியாது. நான் உளறியதைக் கேட்டு, இது கஷ்டமான அழைப்பு என்று அவள் வழக்கம் போல இன்னொரு ஹெட்செட்டை அவனிடம் தள்ளியிருக்கிறாள், அவன் காதில் வைத்ததும் கேட்டது என் குரல்.

அவன் கத்தவில்லையாம். வீட்டு எண்ணையும் தெருவையும் சொல்லியிருக்கிறான், வண்டி கிளம்பிவிட்டது. நீ பேசறியா, நான் பேசட்டுமா என்று அவள் கேட்டிருக்கிறாள். நீயே பேசு, நான் பேசினா அம்மா அழுதுடுவாங்க, கை ஓடாது என்றிருக்கிறான். அதனால் எனக்குக் கேட்டதெல்லாம் அவள் குரல்தான். அம்மா, அவரைத் தரையில் படுக்க வைங்க, நெஞ்சுக்கு நடுவுல ரெண்டு கையையும் வச்சு அழுத்துங்க, நான் எண்றேன், நீங்க என்கூட எண்ணுங்க என்றாள். போனைப் பக்கத்தில் வைத்துவிட்டு அழுத்தினேன். முழங்கால் வலிச்சாலும் எழுந்திருக்காதீங்கம்மா, பக்கத்து வீட்டுக்காரரைக் கத்திக் கூப்பிடுங்க, கீழே போய் லிப்ட் கதவைப் பிடிச்சுக்கச் சொல்லுங்க என்றாள். என் முழங்கால் வலி இவளுக்கு எப்படித் தெரியும் என்று அப்போது நினைக்கத் தோன்றவில்லை. ஒவ்வொன்றாக அவன் அவள் காதில் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறான். பெற்ற அப்பா தரையில் கிடக்க, அந்தப் பிள்ளை அழாமல் வேறொருத்தி வாயால் என்னிடம் பேசியிருக்கிறான்.

வண்டி சீக்கிரம் வந்துவிட்டது. அதில் வந்தவர்கள் அவர் நெஞ்சில் கருவியை வைத்து மூச்சைக் கொண்டுவந்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் அப்பா கண்ணைத் திறந்தார். தம்பி ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டான். சாயங்காலம் வரை இருந்தார் கண்ணே, சாயங்காலம் வரை. வலி தெரியாமல் மருந்து கொடுத்திருந்தார்கள், கஷ்டப்படவில்லை, இது உனக்காகச் சொல்லும் பொய் இல்லை. ஒரு தடவை ஆக்ஸிஜன் முகமூடியை விலக்கச் சொல்லி, பெரியவ சாப்பிட்டாளா என்று உன்னைப் பற்றித்தான் கேட்டார். சாப்பிட்டா என்றேன். நல்லது என்றார். இதயம் பாதிக்கு மேல் போய்விட்டது, இதற்கு மேல் யாராலும் முடியாது என்று டாக்டர் எங்களைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். வெளியே இருட்டத் தொடங்கியபோது போய்விட்டார்.

எனக்கு அவர் போன துக்கத்தோடு இன்னொரு பயமும் சேர்ந்துகொண்டது. ஒரு தெரு மாறியதற்கே அப்படி உடைந்த பிள்ளை, இதை எப்படித் தாங்குவான் என்று. வராந்தாவில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். மின்னல் வேலை முடிந்து நேராக அங்கே வந்து அவன் பக்கத்தில் நின்றாள். நான் கிட்டே போனேன். அவன் என்னைப் பார்த்து, எங்களால முடிஞ்சது எல்லாம் செஞ்சோம்மா என்று சொல்லிவிட்டு என் தோளில் விழுந்தான். என்னால் முடியவில்லையே என்று அவன் சொல்லியிருந்தால் நான் அன்றைக்கு இரண்டு பேரைத் தொலைத்திருப்பேன். அவன் எங்களால என்றான். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நான் வீட்டுக்கு நடந்து வந்தேன். அதனால் துக்கம் குறைந்துவிட்டதா என்றால் இல்லை, ஒரு குந்துமணி அளவும் குறையவில்லை. நாங்கள் எல்லாவற்றையும் சரியாகச் செய்தோம், அவர் இல்லை. இரண்டும் உண்மை, இரண்டோடும் எழுந்து பல் துலக்க வேண்டியிருக்கிறது.

நீ அங்கே யாரோடு அழுதாய் என்று நினைத்தால்தான் எனக்கு ஆறவில்லை. உன் ஆய்வுக்கூடத்துப் பையன் நல்லவனா கெட்டவனா எனக்குத் தெரியாது, ஒருவேளை நிஜமாகவே உன் இடத்துக்குக் குறி வைத்திருக்கலாம். ஆனால் அவனும் முடிவை அனுப்பும் முன் மேஜைக்கு அடியில் கையை உதறிக்கொள்கிறானா என்று நீ பார்த்திருக்க மாட்டாய், உன் திரைதான் திருப்பி வைத்திருக்கிறதே. எல்லாவற்றையும் அவனிடம் கொட்டு என்று சொல்லவில்லை. சந்தேகமான ஒரே ஒரு முடிவை எடுத்துக்கொண்டு போய், இதைக் கொஞ்சம் பாரேன், எனக்குச் சரியாப் படல என்று கேட்டுப் பார். அவன் இளக்காரமாகச் சிரித்தால் சிரிக்கட்டும், இன்னொருவரிடம் கேள். அந்தச் சோதனைக் குழாயில் இருப்பதும் யாரோ ஒருவருடைய அப்பாவின் ரத்தம்தான் கண்ணே.

வேளாவேளைக்குச் சாப்பிடு, டீயையே குடித்து வயிற்றைப் புண்ணாக்கிக்கொள்ளாதே. குளிர் என்று எழுதியிருந்தாய், காதை மூடிக்கொண்டு போ. விடுப்புக் கிடைக்கும்போது வா, கிடைக்காவிட்டால் நானும் தம்பியும் எப்படியாவது உன்னைப் பார்க்க வருகிறோம். நீ நூறாண்டு நல்லா இருக்கணும், எடுத்த காரியம் உன் கையில் நிற்கணும், உன் அப்பாவும் இதையேதான் சொல்லியிருப்பார். மறக்காமல் ஒன்று செய். இந்தக் கடிதம் கிடைத்த மறுநாள் வேலைக்குப் போனதும், பக்கத்தில் யார் இருந்தாலும் சரி, என் அப்பா செத்துப்போயிட்டார் என்று சொல். முழுதாகச் சொல்லி முடிக்க மாட்டாய், அழுகை வந்துவிடும். வரட்டும், அங்கேயே அழு. யாராவது ஒருவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உன் பக்கத்தில் உட்காருவார்.

இப்படிக்கு,
நீ சாப்பிட்டுவிட்டாய் என்று அவரிடம் சொன்ன
உன் அம்மா