கோடு வரைக்கும் தண்ணீர்

மார்ச் 3, செவ்வாய்

வாடகை வீட்டைக் காலி செய்ய உரிமையாளர் மாதக் கடைசிவரைதான் கெடு கொடுத்திருக்கிறார். அதற்குள் நாங்கள் வாங்கிய பழைய பஸ் வீடாகிவிட வேண்டும். கட்டில், சமையல் மேடை எல்லாம் ஆயிற்று, பாக்கி குளியலறை. பிளாஸ்டிக் தொட்டி ஒன்றைப் பொருத்திவிடலாம் என்றேன். மாமா ஒற்றைக் காலில் நிற்கிறார். "தொட்டில நின்னு குளிக்க நான் என்ன எருமையா? டைல்ஸ் போடும்மா." இந்த பஸ்ஸையே பதினோரு வருஷம் ஓட்டியவர் என் மாமனார். அவர் சொல்லுக்கு என் கணவரிடம் அப்பீல் கிடையாது.

இவர் எலெக்ட்ரீஷியன். ஊரார் வீட்டு வயரையெல்லாம் அழகாக இழுப்பார். நம் வீட்டுக்கு மட்டும் குறுக்கு வழி. இன்வெர்ட்டர் வயரைக் குளியலறைத் தரைக்கு அடியிலேயே கொண்டுபோய்விட்டார்.

மார்ச் 6, வெள்ளி

"டைல்ஸ் தண்ணியத் தடுக்காதும்மா, அடில இருக்கிற பூச்சுதான் தடுக்கும்" என்றார் கொத்தனார். பூச்சு என் பொறுப்பு. மூலைகளில் வலைத்துணி ஒட்டி, நெடுக்காக ஒரு கை, காய்ந்ததும் குறுக்காக ஒரு கை. மருந்துக்கடையில் மாத்திரை எண்ணுகிற கை இது, ஓர் இடம் விடவில்லை.

மார்ச் 7, சனி

வடிகால் வாயை அடைத்து, இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்தினோம். சுவரில் பென்சிலால் கோடு போட்டேன். நாளை இதே நேரத்துக்குக் கோட்டைவிட்டு இறங்கியிருந்தால் எங்கோ கசிகிறது, பூச்சை மறுபடி போட வேண்டும். நாங்கள் இருவரும் வேலைக்குப் போகிறோம். மாமா காவல்.

மார்ச் 8, ஞாயிறு

கோட்டிலேயே நிற்கிறது! ஒரு நூல்கூட இறங்கவில்லை. நான்னா கொக்கா!

மார்ச் 13, வெள்ளி

டைல்ஸ் வேலை முடிந்தது. டீ குடிக்கும்போது மாமாவிடம் பீற்றிக்கொண்டேன், பார்த்தீங்களா, ஒரு சொட்டு இறங்கலையே என்று.

"எப்படிம்மா இறங்கும்? கோட்டுக்குக் கீழ போனப்பல்லாம் நான்தான் ஊத்திட்டேனே. நாலஞ்சு சொம்பு புடிச்சுது."

டம்ளரைக் கீழே வைத்தேன்.

முப்பது வருஷ டிரைவர் வேலையில் தினமும் விடிகாலையில் ரேடியேட்டரைத் திறந்து பார்த்தவர். தண்ணீர் குறைந்தால் ஊற்ற வேண்டும், கோடு வரைக்கும். அவருக்குத் தெரிந்த கோடு அது ஒன்றுதான். என் கோடு எதற்கு என்று நான்தான் சொல்லவில்லை.

இவரிடம் சொன்னால் இன்றே டைல்ஸை உடைப்பார். மாமா கூனிக்குறுகிப் போவார். கெடுவுக்கு இன்னும் பதினெட்டு நாள். ஆவியாகியிருக்கலாம், இல்லையா? நாலு சொம்பு ஆவியாகுமா? இந்த நிழலில்?

வாயை மூடிக்கொண்டேன்.

மார்ச் 29, ஞாயிறு

குடிவந்தாயிற்று. முதல் குளியல் மாமாவுக்கு. உள்ளிருந்து பாட்டு.

ஏப்ரல் 9, வியாழன்

கரண்ட் கசிந்தால் தானாக வெட்டிவிடுகிற டிரிப்பர் ஒரு வாரத்தில் நாலாவது தடவை விழுகிறது. விடிந்தால் ஃபேன் நிற்கிறது. "மட்டமான சரக்கு, அதான்" என்று அதைக் கழற்றிவிட்டு நேராக வயரைக் கொடுத்துவிட்டார். இப்போது எதுவும் விழுவதில்லை.

ஏப்ரல் 20, திங்கள்

மாமாவுக்குப் பாதத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறதாம். சர்க்கரைக்காரர்களுக்கு வருவதுதான், தினம் பத்துப் பேர் கடைக்கு வந்து சொல்கிறார்கள். டாக்டரிடம் காட்டி மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். எனக்கோ இவருக்கோ ஒன்றும் இல்லை. இவர் பட்டறைக் குழாயடியிலேயே குளித்துவிட்டு வந்துவிடுகிறார். நான் குளிக்கும்போதும் ரப்பர் செருப்பைக் கழற்றாதவள். "வாங்க மகாராணி" என்று இவருடைய கிண்டல் வேறு.

மே 2, சனி

மரத்த காலோடு டைல்ஸில் வழுக்கிவிடப் போகிறாரே என்று மாமாவுக்கும் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு வாங்கினேன்.

மே 9, சனி

கடையில் ஆளில்லை, அதனால் இப்போதே எழுதுகிறேன்.

காலையில் மாமா, "மாத்திரை நல்லா வேலை செய்யுதும்மா. ஒரு வாரமா எறும்பே இல்ல" என்றார். நல்லதுதானே என்றேன். "குளிக்கிறப்ப மட்டும்தான் இருந்துச்சு. இப்ப அதுவும் போச்சு."

குளிக்கிறப்ப மட்டும்? சர்க்கரைக்கு நேரம் காலம் உண்டா? ஒரு வாரம். செருப்பு வாங்கியும் ஒரு வாரம். அந்த நாலஞ்சு சொம்பு எங்கே போனது? அடியில்தானே வயர் — ஐயோ, அடியில்தானே வயர் போகுது.

இவர் வெளியூர் வேலையில் இருக்கிறார், நாளை மதியம் வருவார். ஃபோனில் சொல்கிற விஷயமா இது? நேரில் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும், சொம்பு உட்பட.

மாலை: மாமாவிடம், "செருப்பில்லாம குளிக்கப் போகாதீங்க மாமா" என்றேன். "சரிம்மா" என்றார். ஏன் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஜூன் 7, ஞாயிறு

நாலு வாரமாக இந்த நோட்டைத் தொடவில்லை.

மறுநாள் காலையிலேயே மாமாவின் செருப்பு வார் அறுந்துபோயிருந்தது. இரண்டு செருப்பையும் ஒழுங்காகக் கதவுக்கு வெளியே ஓரமாக வைத்துவிட்டுத்தான் உள்ளே போயிருக்கிறார். நான் எழுந்தபோது உள்ளே தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. பாட்டு இல்லை.

"டிரிப்பரக் கழட்டினது நான்தானே. எங்கப்பாவ நானே கொன்னுட்டேன்." தினமும் இதைச் சொல்லிவிட்டுத்தான் சாப்பிட உட்காருகிறார். தினமும் கேட்டுக்கொண்டு சோறு போடுகிறேன். நானெல்லாம் ஒரு மனுஷியா?

போக வேறு இடமில்லை. தரையை உடைத்தோம். கீழே பலகை கறுத்து, கையால் பிய்த்தால் வந்தது. வயரைக் கூரை வழியாக மாற்றி, டிரிப்பரையும் போட்டுவிட்டார். புதுப் பலகை, மறுபடி இரண்டு கை பூச்சு. நேற்று தண்ணீர் நிறுத்திப் பழைய கோட்டின் மேலேயே கோடு போட்டேன்.

இன்று இருவரும் போய்ப் பார்த்தோம். அரை விரல் இறங்கியிருக்கிறது. வடிகால் வாயைச் சுற்றித்தான் கசிகிறது.

இவர் குனிந்து கோட்டில் விரலை வைத்துப் பார்த்தார். "அதே பூச்சு, அதே கை. போன தடவ ஒரு நூல்கூட இறங்கலையே, எப்படி?"

மாமாவின் சொம்பு ஜன்னலோரம் கவிழ்த்து வைத்தபடியே இருந்தது.

"உக்காருங்க, சொல்றேன்" என்றேன். குளியலறை வாசலிலேயே உட்கார்ந்தார்.