திறக்கிற யன்னல்

அன்பு மகளுக்கு,

இந்த வயதில் பழகிய எழுத்து, நண்டு ஓடிய மணல்போலக் கிடக்கிறது. பொறுத்துக்கொள்.

நீ வந்தால் தங்க, உன் மூச்சிழுப்புக்கு ஏற்றபடி, யன்னல் திறக்கிற அறை தேடித் துறைமுகத்தடி விடுதிகளெல்லாம் ஏறி இறங்கினேன். ஓரிடத்தில் பலகையை நானே எழுத்துக்கூட்டி வாசித்தேன்: "ஏசி அறை". யாரை ஏசுவது, யாரை அறைவது என்று கேட்டேன். முகாமையாளர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஐயா, அது குளிர் அறை. யன்னல் திறக்க ஏலாது."

கடைசியில் கடல் பார்த்த மாடி அறையொன்று அகப்பட்டது. உன்னைப் பெற்றும், உன் கலியாணத்துக்குப் பிறகு உன் பெயரையே எடுக்காத கொம்மாவும் பார்க்க வந்தாள். யன்னலைத் திறந்து, காற்றில் முகத்தை வைத்து வெகுநேரம் நின்றாள். பிறகு சாத்தினாள்.

"எங்கட வீட்டு யன்னலும் திறக்கும்தானே?"

அறை வேண்டாமென்று சொல்லிவிட்டேன், மகள்.

அடுத்த கிழமையும் எழுதுவேன். அதற்குள் எழுத்து கொஞ்சம் நிமிர்ந்துவிடும்.

உன்னைப் பார்த்திருக்கும்,
அப்பா