உன் எலும்பும் எங்கள் பாடும்

அக்கா,

நேற்றும் ஆஸ்பத்திரியில் ரத்தம் உறையத் தட்டணு ஏற்றினார்கள். ஈறில் ரத்தம் நிற்கவில்லை. தட்டணுக்களை உண்டாக்கும் செல்கள் இன்னும் உயிரோடுதான் இருக்கின்றனவாம். அவற்றைச் சுற்றியுள்ள எலும்பு மஜ்ஜைதான் நாராக இறுகிவிட்டது என்றார் டாக்டர். நைனாவுக்கு நான் இப்படித்தான் சொன்னேன்: "முகத்துவாரம் மண்ணடிச்சுத் தூந்துபோச்சுன்னா ஏரியில கீற எறா கடலுக்கு எப்டி போவும்? அதான் நைனா." உடனே புரிந்துகொண்டார். புரியாமலே இருந்திருக்கலாம்.

நீ கொடுத்த ரத்தத்தைச் சோதித்து, உன் மஜ்ஜை எனக்குப் பொருந்தும் என்று தெரிந்ததும் நைனா படகேறி ஆரம்பாக்கத்தில் உன் மாமியார் வீட்டுக்கு வந்தார். "எலும்ப உறிஞ்சிக் குடுத்துட்டா எம் மருமவ எப்டி புள்ள பெப்பா?" என்று கேட்டாராம் உன் மாமியார்.

உன் புருஷன் வேறொன்று கேட்டார். ஏரியில் முறைவைத்து வலை போட நம் வீட்டுக்கு உள்ள பாடு உரிமையைத் தன் பெயருக்கு மாற்ற வேண்டும் என்றார். நைனா சம்மதித்தார். வெளியூர் மருமகனுக்குப் பாடு கிடையாது என்று ஊர்ப் பஞ்சாயத்து சொல்லிவிட்டது. மூன்று மாதமாக இதே பேச்சு. உன் எலும்பைப் பற்றி இரண்டு ஊரும் பேசின. கொடுக்கிறாயா என்று உன்னை ஒருவரும் கேட்கவில்லை. நானும்தான்.

கேட்டிருந்தால் சண்டை போட்டுக்கொண்டாவது வந்திருப்பாய். இனி வர வேண்டாம். மஜ்ஜையை மாற்றினாலும் என் உடம்பு தாங்காது, காலம் கடந்துவிட்டது என்று இன்று காலை டாக்டர் சொன்னார்.

நைனாவிடம் இதை என்னால் சொல்ல முடியவில்லை. நம் ஊர் பசியாவரத்தில், பாட்டை மாற்றித் தரச் சொல்லிப் பஞ்சாயத்துத் தலைவர் வீட்டு வாசலில் இன்னும் அவர் கைகட்டி நிற்கிறார். நீ போன் செய்து அவரை வீட்டுக்குப் போகச் சொல்.

உன் தம்பி