உன் முகத்துக்கு அவர்கள் வைத்த குரல்

நேற்று குற்றாலத்தில் உன்னைப் பார்த்தேன். ஐந்தருவி ரோட்டில் ஓர் ஓட்டல். அதன் மாடி ஹால் வாசலில் கையில் லேப்டாப்போடு சிரித்துக்கொண்டு நின்றாய். ஆளுயர கட்அவுட். அச்சு மையின் வாசனை இன்னும் போகவில்லை. தலை நிறைய மல்லிகைப்பூ, கைத்தறிச் சேலை, பின்னால் நெல் மூட்டைகள். காலடியில் ‘சிறு வியாபாரிகளின் நம்பிக்கை’ என்று எழுதியிருந்தது. நீ போய்ச் சேர்ந்த பிறகு உன்னைப் புதிதாக அச்சடித்து நிறுத்தியிருக்கிறார்கள்.

வியாபாரிகளுக்கான கம்ப்யூட்டர் அறிமுகக் கூட்டம் என்று வாட்ஸ்அப்பில் அழைப்பு வந்திருந்தது. தென்காசிக் கம்ப்யூட்டர் கடைக்காரர் பெயர்தான் இருந்தது, எந்தக் கம்பெனி என்று இல்லை. நம் ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் பழசாகிவிட்டனவே, பார்த்து வரலாம் என்று போனேன். வாசலிலேயே கால் நின்றுவிட்டது.

இந்தக் கம்பெனிக்காரர்கள் நம்மை முதலில் அழைத்ததும் குற்றாலத்துக்குத்தான், ஞாபகம் இருக்கிறதா? அப்போது நல்ல சீசன். காலையில் பேச்சு, மதியம் பிரியாணி, சாயங்காலம் குளியல். வந்தவர்களுக்கெல்லாம் கம்பெனி பெயர் போட்ட பையும் துண்டும். சென்னையிலிருந்து வந்த அதிகாரி முதலில் எல்லோரையும் பயமுறுத்தினார். உங்கள் பழைய கம்ப்யூட்டர் எந்த நிமிஷமும் நிற்கும், அதோடு உங்கள் தொழிலும் நிற்கும் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, நீங்களெல்லாம் எங்கள் குடும்பம் என்றார். பக்கத்தில் இருந்த சுரண்டை மளிகைக்காரர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். நீ மட்டும் எழுந்தாய்.

“எல்லாஞ் சரி சார். கெட்டுப்போனா தென்காசிக்கு யாரு வருவா?”

மறுநாளே எஞ்சினியர் உங்கள் வாசலில் நிற்பார் என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் வாங்கினோம். செங்கோட்டை ரோட்டில் நாம் இரண்டு பேரும் சேர்ந்து நடத்திய லாரி புக்கிங் ஆபீசில், எந்தச் சரக்கு எந்த வண்டியில் யாருக்குப் போகிறது என்பது முழுவதும் கம்ப்யூட்டரில்தான். பில் இல்லாத வண்டியைப் புளியரை செக்போஸ்ட்டில் மறித்துப் போட்டுவிடுவார்கள். அதனால் பழசையெல்லாம் கழித்துக்கொடுத்தோம். எல்லாக் கணக்கையும் சேர்த்து வைக்கிற பெரிய பெட்டியாக ஒரு சர்வரும், கூடப் புதுக் கம்ப்யூட்டர்களும் வந்து இறங்கின. பழசில் ஒன்றை மட்டும் கொடுக்க மாட்டேன் என்று நீ எடுத்து வைத்துக்கொண்டாய். கடைக்காரர் உன்னைக் கேலி செய்தார்.

அடுத்த மாதம் கேமராவோடு வந்தார்கள். பெண் தொழில்முனைவோர் என்று விளம்பரப்படம் எடுக்கப்போகிறார்களாம். நாம் இரண்டு பேரும் ஆபீசைத் துடைத்து, கண்ணாடிக் கதவெல்லாம் பளபளக்க வைத்துக் காத்திருந்தோம். படம் எடுக்கிறவர் ஏசி ரூமையும் டைல்ஸ் தரையையும் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். இதில் கிராமம் தெரியவில்லையே என்றார். பக்கத்து கிட்டங்கியில் நெல் மூட்டை அடுக்கினார்கள். சுடிதாரில் இருந்த உனக்குச் சேலை கட்டிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக்கூடப் பூ வைக்காத உன் தலையில் முழம் முழமாக மல்லிகையை ஏற்றினார்கள். வியாபாரம்தானே, போகட்டும் என்று நீயும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாய்.

ஒரு வாக்கியத்தை மட்டும் சொல்ல மாட்டேன் என்றாய். ‘எனக்குக் கம்ப்யூட்டர் என்றாலே பயம், இவர்கள்தான் என் பயத்தைப் போக்கினார்கள்.’ நீ பாளையங்கோட்டையில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, ஊரில் எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்தவள். அதற்குப் பதில், ‘நாங்க கேட்டுக் கேட்டுத்தான் வாங்குனோம், நீங்களும் கேளுங்க’ என்று உன் சொந்த வார்த்தையில் பேசினாய். பிரமாதம் மேடம் என்றார்கள்.

படம் வந்தபோது வாய் உன்னுடையது, குரல் வேறு யாருடையதோ. நம் ஊர்ப் பேச்சே இல்லாத ஒரு குரல், குழைந்து குழைந்து, கம்ப்யூட்டர் என்றாலே பயம் என்றது. ஆபீசில் எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். இரண்டாம் தடவை பார்த்தபோது உன் முகம் மாறிவிட்டது.

“நான் பயந்ததே இல்லியேட்டி. எதுக்கு என்னயப் பயந்தவன்னு சொல்லுதாங்க?”

எதற்கென்று எனக்கு இப்போது தெரியும். பயந்தவள் ஒருத்தி வேண்டியிருந்தது. நீ பயந்தால்தான் அவர்கள் காப்பாற்றியதாகும்.

அந்த மழைக்காலத்தில் சர்வர் நின்றது. வாசுதேவநல்லூர் வியாபாரி ஒருவரின் எலுமிச்சை லோடு உட்பட எல்லா வண்டியும் ரோட்டோரம் வரிசையாக நிற்க, டிரைவர்கள் ஆபீசுக்குள் வந்து நின்றார்கள். நீ போன் செய்தாய். இந்த எண்ணை அழுத்து, அந்த எண்ணை அழுத்து என்று வெகுநேரம் சுற்றவிட்ட பிறகு ஒரு பெண் லைனில் வந்தாள். உங்கள் பின்கோடு மறுநாள் சேவையில் இல்லை, ஆள் வர நாளாகும் என்றாள். நீ கத்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

“என் மூஞ்சியப் போட்டு வெளம்பரம் பண்ணும்போது இந்தப் பின்கோடு தெரிஞ்சுதாம்மா?”

அந்தப் பெண் மன்னிப்புக் கேட்டாள். பாவம், அவளிடம் வேறு என்ன இருக்கிறது? நீ வைத்திருந்த பழைய கம்ப்யூட்டரைத் தூசி தட்டி எடுத்து, தனியே எடுத்து வைத்திருந்த கணக்கையெல்லாம் அதில் ஏற்றினாய். எந்த நிமிஷமும் நிற்கும் என்று அவர்கள் சொன்ன பெட்டிதான் நம் வண்டிகளை மலை தாண்டி அனுப்பியது. ஆனால் எலுமிச்சை வாடிவிட்டது. அந்த வியாபாரி ஒரு வார்த்தை குறை சொல்லாமல் வேறு ஆபீசுக்குப் போய்விட்டார்.

படத்தை எடுத்துவிடச் சொன்னாய். நீங்கள் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டதுதானே, அதை நிறுத்த முடியாது என்று மெயிலில் பணிவாகப் பதில் வந்தது.

பிறகு உனக்கு வந்த நோய்க்கும் அந்தச் சர்வருக்கும் சம்பந்தமில்லை. அப்படிச் சொல்லி அவர்களுக்கு உன் வாழ்க்கையில் அவ்வளவு பெரிய இடம் கொடுக்க மாட்டேன். ஆனால் திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் ஒரு மத்தியானத்தை மறக்க முடியவில்லை. உன் தலையில் முடி எல்லாம் கொட்டியிருந்தது. பக்கத்துப் படுக்கைக்காரியின் மகள் போனை நீட்டி, “இது நீங்கதானா?” என்று கேட்டாள். பூ வைத்த நீ அதில் பயத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாய்.

“இல்லம்மா, என்ன மாதிரி யாரோ” என்றாய். அவள் போனதும் என் கையைப் பிடித்தாய். “அத மட்டும் எடுக்கச் சொல்லுட்டி.”

சொன்னேன். நீ இருக்கும்போதும் சொன்னேன், உன்னைக் கல்லறைத் தோட்டத்தில் வைத்துவிட்டு வந்தும் சொன்னேன். பதிலாக நேற்று அந்தக் கட்அவுட்.

அங்கே நின்ற பையன் நீ சினிமா நடிகை என்று நினைத்திருந்தான். நீ இறந்துவிட்டாய் என்று சொன்னதும் மேனேஜரைக் கூட்டிவந்தான். மேனேஜர் கை குவித்தார், வருத்தப்பட்டார். அந்த வருத்தத்தின் ஈரம் காய்வதற்குள், மேடை ஏறி உன்னைப் பற்றி நாலு நல்ல வார்த்தை பேச முடியுமா, ரொம்ப டச்சிங்காக இருக்கும் என்றார்.

பேசினேன். நீ யார் என்று சொன்னேன். உன் குரலை எடுத்துவிட்டு வேறு குரல் வைத்ததைச் சொன்னேன். பின்கோடு கதையையும் சொன்னேன். ஆய்க்குடியில் பர்னிச்சர் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் எழுந்து, “அப்ப நம்ம ஊருக்கு யாரு வருவா?” என்று கேட்டார். நல்ல கேள்வி சார் என்றார் மேனேஜர். உடனே, சாப்பாடு தயார் என்று அறிவித்தார். எல்லோரும் எழுந்தார்கள். பிரியாணி வாசனை வந்துவிட்டது. ஜெயித்துவிட்டேன் என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். சாப்பிட்டுவிட்டு வந்து ஆர்டர் கொடுத்தவர்களையும் பார்த்தேன். அண்ணாச்சி மட்டும் சாப்பிடாமல் போனார்.

கட்அவுட்டையாவது என்னிடம் கொடுங்கள் என்று கேட்டேன். அது கம்பெனி சொத்து மேடம், அடுத்த கூட்டம் ராஜபாளையத்தில் இருக்கிறது என்றார்கள். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் போனை எடுத்தேன். நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்களில் ஒன்று மிச்சமிருக்கிறது. பின்னால் லாரி ஹாரன், யாரோ தார்ப்பாய் இழுக்கிற சத்தம். அதற்கு மேலே உன் கரகரத்த குரல்: “ஏட்டி, புளியரையில வண்டி நிக்கி. பில்ல நான் திருத்தி அனுப்பிட்டேன். நீ சாப்ட்டுட்டு மெதுவா வா, நான் இங்கனதான் இருக்கேன்.”

இதை யாருக்கும் போட்டுக் காட்டியதில்லை. தினமும் ஆபீசுக்குக் கிளம்புமுன் ஒரு தடவை கேட்பேன்.