யார் தப்பு என்று சொல்லாத பதில்

என் ஸ்டெல்லாவுக்கு,

இன்று மத்தியானம் தோவாளையில் பேருந்து ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்ததும் கண்ணயர்ந்துவிட்டேன். பாதி மூடிய கண்ணுக்குள் காற்றாலைகள் சுற்றிக்கொண்டே இருந்தன. பக்கத்து இருக்கையில் நீ வந்து உட்கார்ந்தாய். மடியில் அதே நீலச் சாப்பாட்டுப் பை. தலையில் ஈரம் காயவில்லை. "எப்படி இருக்கே?" என்று கேட்டேன். நீ வாயைத் திறப்பதற்குள் நாகர்கோவில் வந்துவிட்டது. நடத்துனர் என் தோளைத் தட்டி இறங்கச் சொன்னார்.

உயிரோடு இருந்தபோதும் அந்தக் கேள்விக்கு நீ ஒழுங்காகப் பதில் சொன்னதில்லை.

நாம் கட்டிய பூ ஆர்டர் சேவை இன்னும் ஓடுகிறது. தோவாளை வியாபாரி போனில் பொத்தானை அமுக்குகிறார், எங்கோ இருக்கிற சர்வர் அதை வாங்கி வெளியூர்த் தோட்டத்துக்கு அனுப்புகிறது, பூ லாரியில் வருகிறது. ஆறுமுகம் அண்ணாச்சி இப்போதும் நம் முதல் வாடிக்கையாளர்தான். உன்னைப் பற்றிப் பேச்செடுத்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருப்பார்.

அந்த ஓணம் நினைவிருக்கிறதா? தொடுதிரை போன்கள் சந்தைக்கு வந்த புதிது. அண்ணாச்சி கேந்திப் பூவுக்கு ஆர்டர் போட்டார். சர்வர் அதை வாங்கிக்கொண்டது, ஆனால் பதில் திரும்பும் வழியில் தொலைந்துவிட்டது. போனில் வந்தது இவ்வளவுதான்: 'ஏதோ பிழை. மீண்டும் முயலவும்.' சந்தையில் ஒருவர் கூவிக் கேட்டால், எதிர்க்கடையிலிருந்து 'ஆச்சு' என்று குரல் வரும்வரை கூவிக்கொண்டே இருப்பார். அண்ணாச்சி அதையே விரலால் செய்தார். ஆறு முறை அமுக்கினார். ஆறு பங்கு கேந்தி வந்து இறங்கியது. ஓணம் முடிந்ததும் அதைச் சீண்ட ஆளில்லை.

வாடிய பூவை ஒரு சாக்கில் கட்டி நம் ஆபீசுக்கே கொண்டுவந்து போட்டார். திட்டுவார் என்று நான் பயந்தேன். அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து மெதுவாகத்தான் பேசினார்.

"தப்புன்னு சொல்லிச்சு, சரி. யாரு தப்பு மக்கா? நான் அமுக்கினது தப்பா, உங்க மெஷினு தப்பா? பூ வருமா, வராதா? ஒண்ணும் சொல்லாம தப்பு தப்புன்னா மனுசன் என்ன செய்வான்? நாந்தான் என்னமோ கெடுத்துட்டேன்னு ராவெல்லாம் ஒறக்கமில்ல."

நான் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். நீ நோட்டை எடுத்து, அவர் கேட்டதை அப்படியே எழுதிக்கொண்டாய்.

நம் பிழைச் செய்தியின் வடிவம் அந்தப் பக்கத்திலிருந்துதான் வந்தது. ஒவ்வொரு பிழைக்கும் ஒரு நிலையான பெயர், அது போனிலுள்ள நிரல் படிப்பதற்கு. அதை ஒருநாளும் மாற்றக் கூடாது. மனிதர் படிக்க ஒரு நல்ல தமிழ் வாக்கியம், அதை எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம். தப்பு அனுப்பியவர் பக்கமா, நம் பக்கமா என்று ஒரு வரி. அனுப்பியவர் பக்கம் என்றால் ஆர்டர் படிவத்தின் எந்தக் கட்டத்தில் என்ன தவறு. மறுபடி முயலலாமா, எவ்வளவு நேரம் கழித்து. அப்புறம் ஒரு அடையாள எண், அதைச் சொன்னால் நாம் உள்ளே தேடிப் பார்க்கலாம். ஒரே ஆர்டர் ஆறு முறை வந்தால் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளவும் வழி செய்தாய். நான் வாக்கியத்தை அழகுபடுத்துவதிலேயே இரண்டு நாளைக் கழித்தேன் என்று கேலி செய்தாய், அது உண்மைதான்.

நாம் சண்டை போட்டது ஒரே இடத்தில். உள்ளே நடந்த அத்தனையையும் பதிலில் கொட்டிவிடலாம் என்றேன். கூடாது என்றாய். நம் வீட்டு உள்ளறையை ஊருக்குத் திறந்து காட்டக் கூடாது, வெளியே இருப்பவனுக்கு அடுத்து என்ன செய்வது என்று தெரிந்தால் போதும் என்றாய். ஆனால் உள்ளுக்குள் ஒரு பிழையைக் கண்டவன் அதை விழுங்கக் கூடாது, மேலே சொல்லியே ஆக வேண்டும். நான் எங்காவது பிழையைப் பிடித்துச் சத்தமில்லாமல் விட்டிருந்தால், "ஏட்டி, முழுங்கிட்டியா?" என்று அங்கிருந்தே கேட்பாய்.

அப்படிப்பட்டவள், ஸ்டெல்லா, நீ.

கடைசி மாதங்களில் சாப்பாட்டை அப்படியே மூடி வைத்தாய். ரவிக்கை தொளதொளத்தது. கேட்டபோதெல்லாம் "ஒண்ணுமில்லட்டி, கொஞ்சம் அசதி" என்றாய். வயிற்றில் கட்டி என்று எங்களுக்குத் தெரிந்தபோது அது ஈரல்வரை போயிருந்தது. எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நான் உனக்கு வெளி ஆளா?

போன ஞாயிற்றுக்கிழமை மணவாளக்குறிச்சியில் உன் வீட்டுக்குப் போயிருந்தேன். உன் வீட்டுக்காரர் ஆன்றனி அண்ணன் வலை வாங்கப் போயிருந்தார். நானும் உன் மகள் ரீனாவும் கடற்கரையில் உட்கார்ந்திருந்தோம். வெயில் தாழ்ந்து கருமணல் மினுங்கிக்கொண்டிருந்தது. உன்னைவிட நான் இரண்டு மாதம் இளையவள் என்ற ஒரே உரிமையில் அவளுக்கு என்னைச் சித்தி ஆக்கி வைத்தாய். அவளுக்கு இப்போது பதினோரு வயசு ஆகிறது. உன் நெற்றி, உன் பிடிவாதம். மணலில் கோடு போட்டுக்கொண்டே கேட்டாள்.

"சித்தி, அம்மா செத்தது என்னாலயா?"

எனக்கு உயிரே போய்விட்டது. விசாரித்தபோது மெல்ல மெல்லச் சொன்னாள். கொல்லைப்புறத்தில் நீ வாந்தி எடுத்ததை அவள் பார்த்திருக்கிறாள். ஒருநாள் இல்லை, பல நாள். முகத்தைக் கழுவிவிட்டு, "அப்பாட்ட சொல்லாண்டாம் மக்கா, ஒண்ணுமில்ல" என்று சொல்லியிருக்கிறாய். எட்டு வயசுப் பிள்ளை விழுங்கிக்கொண்டது. நீ போனபிறகு கேட்டவளுக்கு, அம்மாவை ஆண்டவர் கூப்பிட்டுக்கொண்டார் என்று எல்லோரும் ஒரே பதிலைச் சொல்லியிருக்கிறோம். நானும் சொன்னேன். மூன்று வருஷம் அந்தப் பதிலை வைத்துக்கொண்டு, தான்தான் கெடுத்துவிட்டதாக நினைத்திருக்கிறாள்.

உன்மேல் எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. என்மேலும் வந்தது. அப்புறம் அண்ணாச்சி கேட்ட வரிசையிலேயே அவளுக்குச் சொன்னேன்.

என்ன நடந்தது என்று சொன்னேன். நோயின் பெயரைச் சொன்னேன். வாந்தி தொடங்குவதற்கு முன்பே அது பரவிவிட்டதாக டாக்டர் என்னிடம் சொன்னதைச் சொன்னேன். அவள் அன்றைக்கே ஓடிப்போய் அப்பாவிடம் சொல்லியிருந்தாலும் நீ பிழைத்திருக்க மாட்டாய் என்றேன். சொல்லாதே என்று அவளிடம் கேட்டது மட்டும் உன் தப்பு, பயத்தில் செய்த தப்பு என்றும் சொன்னேன். உன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டேன், பொறுத்துக்கொள்.

"அப்போ எந் தப்பு இல்லியா?"

"இல்ல மக்கா. ஒரு துளிகூட ஒந் தப்பு இல்ல."

அவள் அழவில்லை. என் மடியில் தலையை வைத்து, வெயில் போகும்வரை தூங்கினாள். எழுந்ததும் பசிக்கிறது என்றாள். வீட்டுக்குப் போய் மீன்குழம்பு ஊற்றி இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டாள். ஆன்றனி அண்ணன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

நான் உனக்குத் தரும் வாக்கு இதுதான். அவள் எதைக் கேட்டாலும் 'ஒண்ணுமில்லை' என்று சொல்ல மாட்டேன். அவள் அப்படிச் சொன்னால் நான் விட்டுவிடவும் மாட்டேன், என்ன, எங்கே, எப்போதிலிருந்து என்று கேட்பேன். எனக்கு ஏதாவது வந்தால் முதலில் அவளிடம் சொல்வேன். பேருந்தில் மறுபடி வந்து உட்கார், ஸ்டெல்லா. எப்படி இருக்கிறாய் என்று கேட்பேன். இந்தத் தடவை நாகர்கோவில் வருவதற்குள் சொல்லிவிடு.

உனக்கு இரண்டு மாதம் இளையவள்,
ரீனாவின் சித்தி,
கிரேஸ்