இரண்டு குழந்தைகளுக்கு ஒரே எண்

மான்செஸ்டர்
டிசம்பர் 2005

அன்பு மதுமிதா,

நீயும் வயிற்றிலிருக்கும் செல்லமும் சுகந்தானே? கால்வீக்கம் வடிந்ததா? வேங்கிக்கால் வீட்டில் எல்லோருக்கும் என் வணக்கம். இங்கே நாலு மணிக்கே இருட்டிவிடுவதால், இருட்டுமுன் சாப்பிட்டுவிடும் நம் சமண வழக்கப்படி ஆபீஸ் மேசையிலேயே தயிர்சாதம்.

போன வாரம் ஒரு சின்னக் கலவரம். நாங்கள் மென்பொருள் எழுதித் தரும் பிரசவ ஆஸ்பத்திரியின் இரண்டு கிளைகளில் பிறந்த இரண்டு குழந்தைகளுக்கு ஒரே எண் விழுந்து, ஒன்றின் பதிவின்மேல் மற்றதன் பதிவு ஏறிவிட்டது. மருந்தின் அளவைப் பார்த்துச் சந்தேகப்பட்ட நர்ஸ் நிறுத்திவிட்டாள். பயப்படாதே, இரண்டும் சுகம்.

கூட வேலை செய்யும் ஆரணி ஜெயபால், "ஃப்ரேம்வொர்க்கே நம்பர் போட்டுக்கும்னு சொன்னியே அஜி, இப்ப இன்னா பண்றது?" என்றான். ஃப்ரேம்வொர்க் என்றால் நாங்கள் மென்பொருளைக் கட்டும் ஆயத்தச் சட்டகம்; எண் போடும் வேலையும் அதிலேயே உண்டு.

"அது நம்பர் போடறதை மட்டும் எடுத்துட்டு நாமளே போடலாம்டா" என்றேன். கிளையின் குறியும் எண்ணும் சேர்ந்து வரும்படி நானே எழுதி அதில் பொருத்தினேன். இனி மோதாது.

சரிபார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனபோது, அந்தக் குழந்தைகளில் ஒன்றை அதன் அப்பா மார்போடு அணைத்து நின்றிருந்தார். எனக்கு வேலை ஓடவில்லை. மார்ச்சுக்கு முன்னால் லீவு இல்லை என்கிறார்கள், மது.

நார்த்தங்காய் ஊறுகாய் அனுப்பு. உன் பழைய சேலை ஒன்றும் வை. இங்கே போர்வை மெல்லிசு.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. குழந்தை பிறந்ததும் போன் போட்டு, அதன் வாயருகே பிடி. யாரும் பேச வேண்டாம். அழட்டும், நான் கேட்கிறேன்.

உன்,
அஜிதன்